சிஎச்-926 காசு வாங்கியும் டைமர் போர்டும்: வொஷிங் மெஷினுக்குப் பூட்டலாமா?

கிழக்கிலங்கையின் அறுகம்பேயில் அலைச்சறுக்குச் சீசன் ஏப்ரலில் தொடங்கி ஒக்டோபர் வரை போகும். கெஸ்ட் ஹவுஸ் பின்வளவில் காசு போட்டால் ஓடும் வொஷிங் மெஷின் ஒன்றை வைக்கலாமா என்ற யோசனை அங்கே வராமல் இராது. ஒலுவிலிலும் வந்தாறுமூலையிலும் மாணவர் போடிங் நடத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும். காசுப்பெட்டியோடு வரும் கொமர்ஷல் மெஷினின் விலை கையைக் கடிக்கும். அதனால் பலரும் பார்ப்பது ஒன்லைனில் கிடைக்கும் சிஎச்-926 என்ற காசு வாங்கியையும் (போட்ட காசு சரியானதா என்று பார்த்து எடுக்கும் பெட்டி), அதோடு சேர்த்து விற்கிற, மெஷினுக்குக் கரண்ட் கொடுத்து நிறுத்தும் டைமர் போர்டையும்தான். இரண்டும் ஒரே பொதியில் வந்தாலும் தரம் ஒன்றல்ல. காசு வாங்கி கொடுத்த விலைக்கு மேலாக உழைக்கும். டைமர் போர்டை அப்படியே பூட்டினால் துவைப்பு மெஷினுக்கு ஆகாது.

முதலில் காசு வாங்கி. 12 வோல்ட் டிசியில் ஓடும். 15 முதல் 32 மி.மீ. வரை விட்டமுள்ள காசுகளில் ஆறு வகையை நினைவில் வைத்திருக்கும். உள்ளேயுள்ள சுருள்களைக் கடந்து காசு உருளும்போது அதன் உலோகம், தடிப்பு, விட்டம் மூன்றையும் பார்க்கிறது. அச்சடித்த முகத்தைப் பார்ப்பதில்லை. 2013இல் மத்திய வங்கி மாவட்டத்துக்கொன்றாக வெளியிட்ட பத்து ரூபாய்க் குத்திகளில் மட்டக்களப்பும் அம்பாறையும் அதற்கு ஒன்றுதான். ஐந்து ரூபாய் அப்படியல்ல. மஞ்சள் நிறப் பழசும் 2017 தொகுதியின் வெள்ளைக் குத்தியும் வேறு உலோகம். இரண்டையும் தனித்தனி வகையாகப் பழக்காவிட்டால் ஒன்றை எடுத்து மற்றதைத் துப்பும். பெட்டி பழுது என்று திருப்பி அனுப்ப முன் இதைப் பாருங்கள்.

பழக்கும் முறை சுலபம்தான், ஆனால் கூட வரும் தாளின் ஆங்கிலம் பாதி விளங்காது. கூட்டல், கழித்தல் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி அமத்தினால் திரையில் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்து வரும். செட்டப் பொத்தானை ஒருதரம் தட்ட ‘ஈ’. எத்தனை வகைக் காசு என்பதை இங்கே கொடுக்க வேண்டும். மறுபடி செட்டப், ‘எச்’: முதல் வகைக்கு எத்தனை மாதிரி போடப்போகிறீர்கள் என்பது. 15க்குக் குறைய வேண்டாம், 20 நல்லது. அடுத்து ‘பி’, அந்தக் காசுக்கு எத்தனை துடிப்பு (டைமருக்குப் போகும் மின் சைகை) அனுப்ப வேண்டும் என்பது. கடைசியில் ‘எஃப்’, கண்டிப்பின் அளவு. 1 முதல் 30 வரை போகும். எண் குறையக் குறையக் கண்டிப்பு கூடும். 5க்கும் 10க்கும் இடையில் வைத்தால் போதும். ஒன்றில் வைத்தால் தேய்ந்த நல்ல காசும் வெளியே வரும், 20க்கு மேலே போனால் கண்ட தகடும் உள்ளே போகும். எல்லா வகையும் முடிய ‘ஏ’ திரும்ப வரும். செட்டப்பைத் தட்டி ‘ஈ’ கண்ட பிறகு கரண்டை நிறுத்திப் போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் அமைப்பு பதியாது.

அதன்பின் மாதிரி கொடுப்பது. செட்டப்பைத் தட்ட ‘ஏ1’ தெரியும், மறுபடி தட்டிவிட்டுக் காசுகளை ஒவ்வொன்றாக விடவும். ஒரே காசை 20 தரம் விடுவது வீண் வேலை. புதிது, தேய்ந்தது, கறுத்தது எல்லாம் கலந்து விட வேண்டும். பெட்டியை மேசையில் கிடத்தி வைத்துப் பழக்கவும் கூடாது. எந்த நிமிர்வில் பூட்டப் போகிறீர்களோ அந்த நிமிர்வில்தான் காசு உருளும் வேகம் சரியாக வரும்.

துடிப்புக் கணக்கில் சின்னக் காசைத்தான் அலகாக எடுக்க வேண்டும். ஐந்து ரூபாய்க்கு 1, பத்துக்கு 2, இருபதுக்கு 4. பத்தை 1 என்று வைத்தால் ஐந்துக்கு அரைத் துடிப்பு அனுப்ப வழியில்லை.

இவ்வளவும் சொன்னாலும், ரூபாய்க் குத்தியில் ஓட்டுவது இந்தக் காலத்துக்குச் சரிவராது. ஒரு துவைப்புக்கு 400 ரூபாய் என்று வைத்தால் பத்து ரூபாய்க் குத்தி 40 வேண்டும். அவ்வளவு சில்லறை யார் கையில் இருக்கிறது? டோக்கன்தான் வழி. ஒரு டோக்கன் ஒரு துவைப்பு, ‘பி’ 1. விலை ஏறினால் பெட்டியைத் தொடத் தேவையில்லை, டோக்கன் விலையை மாற்றினால் சரி. பொதியோடு வரும் 25 மி.மீ. வெள்ளை டோக்கனை மட்டும் பாவிக்க வேண்டாம். அதே டோக்கன் ஒன்லைனில் நூறு நூறாக யாருக்கும் கிடைக்கும். பித்தளையில், வேறு விட்டத்தில் எடுங்கள்.

இனி டைமர் போர்ட். துடிப்பு வந்ததும் ரிலே என்ற மின்சுவிச்சை மூடி மெஷினுக்கு 230 வோல்ட் கொடுக்கும், நேரம் முடியத் துண்டிக்கும். உலர்த்திக்கு இது அளவெடுத்துத் தைத்த மாதிரி. நடுவில் நின்றால் உடுப்பு கொஞ்சம் ஈரமாக இருக்கும், அவ்வளவுதான். துவைப்பு மெஷினுக்கு நடுவில் கரண்ட் போனால் தொட்டிக்குள் தண்ணீர், கதவு பூட்டு, உள்ளே வாடிக்கையாளரின் உடுப்பு. முன்கதவு மெஷின் பிழியும்போது உடுப்பு ஒரு பக்கம் குவிந்தால் திரும்பத் திரும்பச் சமன் செய்து பார்க்கும். 60 நிமிடப் புரோகிராம் 75க்குப் போவது அதனால்தான். ஆகவே மிக நீண்ட புரோகிராமுக்கு மேல் 20 நிமிடமாவது கூட்டி வையுங்கள். கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடருமா என்பதை மெஷின் வாங்கும்போதே கடையில் புளக்கைக் கழற்றிப் பாருங்கள். துடிப்பை நேரே வாங்கும் உள்ளீடு உள்ள கொமர்ஷல் மெஷினுக்கு இந்தத் தலையிடி கிடையாது. காசு வாங்கியை நேரே அதற்குக் கொடுத்து டைமர் போர்டை எறிந்துவிடலாம்.

ரிலேயும் கவலைக்குரியது. 2,000 வாட் ஹீட்டர் மட்டும் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 அம்பியர் இழுக்கும், அதோடு மோட்டர். 10 அம்பியர் என்று எழுதிய சின்ன ரிலேயின் முனைகள் நாளடைவில் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டினால் மெஷின் நிற்காது, இலவசச் சேவைதான். ரிலேயைக் கொண்டு 25 அம்பியர் கொன்டாக்டர் (கூடிய கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே) ஒன்றை இயக்கி, மெஷினை அதன் வழியே விட வேண்டும். இந்த வேலைக்கும் எர்த் இணைப்புக்கும் வயரிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கொன்டாக்டர் சுருள் விடும் பொறியே போலித் துடிப்பாகப் பதிந்து, காசு போடாமலே நேரம் ஏறும் வியாதி வருவதுண்டு. சுருளுக்குக் குறுக்கே 100 ஓம், 0.1 மைக்ரோ ஃபரட் சேர்ந்த ஸ்னபர் (பொறியை அடக்கும் உறுப்பு) போட்டு, சிக்னல் வயரை மெயின் வயரோடு சேர்த்துக் கட்டாமல் விட்டால் நிற்கும்.

ஒரு டோக்கனுக்கு இரண்டாக ஏறுகிறதா, ஏறவே இல்லையா? பெட்டியின் பக்கத்திலுள்ள இரண்டு சுவிச்சைப் பாருங்கள். ஒன்று துடிப்பின் வேகம், மற்றது என்ஓ, என்சி, அதாவது துடிப்பு வராதபோது சிக்னல் இணைப்பு திறந்திருப்பதா மூடியிருப்பதா என்பது. டைமர் எதிர்பார்ப்பதும் பெட்டி அனுப்புவதும் ஒத்திருக்க வேண்டும். நடு வேகத்தில் தொடங்குவது நல்லது. மெஷினைக் கொடுக்க முன் ஒரு மேசை விளக்கைப் பூட்டி 50 தரம் டோக்கன் போட்டுப் பாருங்கள். கரண்ட் இல்லாத நேரம் போடும் காசு திரும்பி வெளியே விழுவதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். அது இந்தப் பெட்டியின் நல்ல குணம்.

காசுப் பக்கம் சரியாக இருந்தும் மெஷின் நின்றால் பிழை தண்ணீரில் இருக்கும். எல்ஜி மெஷினில் ‘ஐஈ’ என்றால் தண்ணீர் வரவில்லை, ‘ஓஈ’ என்றால் வெளியேறவில்லை. பல மெஷின்களுக்குக் குறைந்தது 0.5 பார் அழுத்தம் வேண்டும், அதாவது தாங்கி 5 மீற்றர் உயரத்தில் நிற்க வேண்டும். ஒற்றைமாடிக் கூரையளவுத் தாங்கி 0.3 பாரைத்தான் தரும், ஒரு சின்னப் பிரஷர் பம்ப் அவசியம். கிணற்றுத் தண்ணீரென்றால் உள்வரும் குழாயின் வலையை மாதம் ஒருமுறை கழுவுங்கள். கடற்கரை மணல் பம்பின் வடியில் சேரும்; அறுகம்பேயில் அதை வாரம் ஒருமுறை திறக்க வேண்டும்.

கல்லடி, பாசிக்குடா போன்ற கரைகளில் உப்புக்காற்று காசு வாங்கியின் பாதையில் பிசுபிசுப்பாகப் படியும். முன்மூடியைத் திறந்து காய்ந்த துணியால் துடைத்தால் போதும். எண்ணெய் தெளித்தால் தூசி ஒட்டிக் காசு நடுவழியில் நிற்கும். பொதியோடு வரும் காசுப்பெட்டியின் பூட்டைக் கழற்றி வேறொன்று போடுங்கள். மலிவுப் பூட்டுகளில் பலவற்றுக்குச் சாவி ஒன்றேதான்.