திருப்பத்தூரிலிருந்து கொல்லிமலை வரை: ஆறு ஆண்டு சைக்கிள் பயண அனுபவம்

2019ஆம் ஆண்டுத் தை மாதம் முதல் இன்றுவரை, திருப்பத்தூரில் கிளம்பி ஜவ்வாதுமலையையும் கல்வராயன்மலையையும் குறுக்காகக் கடந்து, கொல்லிமலையில் ஏறி நாமக்கல்லில் இறங்கும் ஒரே பயணத்தை ஐந்து முறை சைக்கிளில் முடித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏழு நாள்கள் ஆயின. இந்தப் பாதையில் போக நினைத்துப் பலர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை கொண்டை ஊசி வளைவுகள் என்பதுதான். அந்தக் கேள்வியே வழியைத் தவறாகத் தேர்ந்தெடுக்க வைக்கிறது என்பது என் அனுபவம் என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வளைவுகள் அதிகம் என்றால் ஏற்றம் கடுமை என்றுதான் நானும் முதலில் நம்பினேன். ஏலகிரியின் 14 வளைவுகளில் பழகியவன் நான். ஒவ்வொரு வளைவுக்கும் புலவர் ஒருவரின் பெயரோ வள்ளல் ஒருவரின் பெயரோ சூட்டப்பட்ட அந்தச் சாலையில், வார இறுதிகளில் விடியற்காலையில் ஏறி இறங்கித்தான் கால்களைப் பழக்கினேன். ஆனால் மலைச்சாலை போடுபவர்கள் வளைவு வைப்பதே ஏற்றத்தைக் குறைப்பதற்காகத்தான். நேராக ஏற முடியாத சரிவில் சாலையை மடித்து மடித்து நீளமாக்கும்போது, ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஏற வேண்டிய உயரம் குறைந்துவிடுகிறது. கனரக வண்டிகளும் பேருந்துகளும் ஏறியாக வேண்டும் என்று கணக்கிட்டுப் போட்ட சாலை, சைக்கிள்காரனுக்கும் இரக்கம் காட்டுகிறது. சேலத்திலிருந்து 20 வளைவுகளில் ஏற்காட்டுக்கு ஏறுபவர்கள் இதை உணர்ந்திருப்பார்கள்: ஏற்றம் நீளமானது, ஆனால் ஒரே சீரானது, ஒருமுறை தாளம் பிடித்துவிட்டால் மூச்சு கலையாமல் மேலே போய்விடலாம். உண்மையான கடுமை, யாரும் வளைவுகளை எண்ணிப் பலகை வைக்காத, ஊரிலிருந்து ஊருக்கு நிலத்தின் போக்கிலேயே ஏறி இறங்கும் மேட்டுச்சாலைகளில் இருக்கிறது.

பயணத்தின் தொடக்கமான ஜவ்வாதுமலை அந்த வகையில் நடுத்தரமானது. ஆலங்காயத்தைத் தாண்டியதும் காட்டுக்குள் நுழையும் சாலை காவலூரை நோக்கி நிதானமாக உயர்கிறது. கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் அங்கே இருக்கிறது. 1986இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்குதான் உள்ளது. இரவில் வெளிச்சம் குறைவாக இருந்ததால் விண்மீன்களைப் பார்க்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் என்பதைச் சைக்கிள்காரர்கள் வேறு விதமாகவும் புரிந்துகொள்ள வேண்டும். மாலை ஆறரைக்கு மேல் அந்தச் சாலையில் நம் விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் கிடையாது. முதல் பயணத்தில் ஆலங்காயத்திலிருந்து தாமதமாகக் கிளம்பிய நான், ஜமுனாமரத்தூருக்குப் போய்ச் சேர்வதற்குள் பட்ட அச்சத்தை இன்னும் மறக்கவில்லை. அதன்பின் அந்த ஊரைப் பகல் மூன்று மணிக்குள் அடைவது என்பதைக் கட்டாய விதியாகவே வைத்திருக்கிறேன். ஜமுனாமரத்தூரில் இரவு தங்கி, மறுநாள் காலை சாமை வயல்களைப் பார்த்துக்கொண்டே போளூரை நோக்கி இறங்குவது இந்தப் பயணத்தின் மிக இனிய சில மணி நேரங்களுள் ஒன்று.

போளூர், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி என்று நீளும் சமவெளிப் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெயிலுக்கு முன் கிளம்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்ததும் தொடங்கும் கல்வராயன்மலைதான் என்னைப் பொறுத்தவரை இந்தப் பயணத்தின் உயிர். அடிவாரத்திலிருந்து கரியாலூர் வரையிலான ஏற்றத்தை முடித்தவுடன் மலை முடிந்துவிட்டது என்று முதல் முறை நினைத்தேன். அதன்பிறகுதான் மலை தொடங்கியது. கரியாலூர், வெள்ளிமலை, கருமந்துறை என்று மேலேயே செல்லும் சாலை ஓடைக்கு இறங்குகிறது, எதிர்ச்சரிவில் நிமிர்ந்து ஏறுகிறது, மரவள்ளி வயல்களின் ஓரமாகச் சற்றுச் சமமாக ஓடுகிறது, மீண்டும் இறங்குகிறது. ஒவ்வோர் ஏற்றமும் சில நூறு மீட்டர்தான். ஆயினும் சீரான தாளம் கிடைக்காததால், கொல்லிமலை ஏற்றத்தில் வராத களைப்பு இங்கே நண்பகலுக்குள் வந்துவிடுகிறது. அப்படி ஒரு மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனபோது, விறகுக்கட்டோடு எதிரே வந்த மூதாட்டி ஒருவர், “ஏஞ்சாமி, பஸ்ஸு வருமே, அதுல ஏத்திக்கிட்டுப் போலாமில்ல?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். பேருந்தில் போயிருந்தால் அவரைப் பார்த்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த மூச்சிரைப்பில், “பழகிப்போச்சும்மா” என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

கியரைப் பற்றி இங்கேதான் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பல ஹைப்ரிட் சைக்கிள்களில் முன்புறச் சிறிய பல்சக்கரம் 28 பல்லும், பின்புறப் பெரிய பல்சக்கரம் 28 பல்லும் கொண்டிருக்கும். அந்த அமைப்பில் பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஏறத்தாழ 2.2 மீட்டர் நகரும். பின்னால் ஒன்பது கிலோ பை இருக்கும்போது, கல்வராயன் மேடுகளில் அது முழங்காலைப் பதம் பார்த்துவிடுகிறது. இரண்டாவது பயணத்துக்கு முன் பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுப்பான ஃப்ரீவீலை 14 முதல் 34 பல் வரையுள்ளதாக மாற்றினேன். இப்போது ஒரு மிதிக்கு 1.8 மீட்டர் நகர்கிறது. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஆறரை கிலோமீட்டர் வேகம். நடப்பதைவிடச் சற்றே கூடுதல்தான். ஆனால் அந்த வேகத்தில் நாள் முழுவதும் ஏற முடிகிறது. சைக்கிளின் எடையைக் குறைக்கப் பல்லாயிரம் செலவழிப்பதற்கு முன் இந்த ஒரு மாற்றத்தைச் செய்யுங்கள் என்று கேட்கிற எல்லோருக்கும் நான் சொல்லிவருகிறேன்.

மூன்றாவது பயணத்தில் வெள்ளிமலைக்குச் சற்று முன்னால் பின்சக்கரத்தின் வலப்புறக் கம்பி ஒன்று அறுந்தது. சுமை ஏற்றிய சைக்கிளில் பெரும்பாலும் அங்கேதான் அறுகிறது. கியர்ப் பல்சக்கரங்களுக்கு இடம் விடுவதற்காகப் பின்சக்கரத்தின் வலப்புறக் கம்பிகள் கூடுதல் இறுக்கத்தில் கட்டப்பட்டிருக்கும். மாற்றுக் கம்பி என்னிடம் இருந்தது. ஆனால் ஃப்ரீவீலைக் கழற்றாமல் அந்தப் பக்கம் கம்பி கோக்க முடியாது, அதைக் கழற்றும் கருவியை எடுத்துவரவில்லை. மோட்டார் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர், “கியரு வண்டி நமக்குத் தெரியாது தம்பி, ஆனா கோட்டம் எடுக்கத் தெரியும்” என்று சொல்லி, அறுந்த கம்பிக்கு அருகே அதே பக்கத்துக் கம்பிகளை இறுக்கியும் எதிர்ப்பக்கக் கம்பிகளைத் தளர்த்தியும் அரை மணி நேரத்தில் சக்கரத்தை ஓடும்படி செய்துகொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அந்தச் சக்கரத்திலேயே பின்புற பிரேக்கைத் தளர்த்திவிட்டு மெல்ல இறங்கி ஆத்தூர் வரை வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து ஃப்ரீவீல் கழற்றும் கருவி என் பையின் அடியிலேயே கிடக்கிறது. அது உள்ளங்கைக்குள் அடங்குகிற ஓர் இரும்புத் துண்டுதான்.

ஆத்தூரிலிருந்து தம்மம்பட்டி வழியாக முள்ளுக்குறிச்சிக்கு வந்து, அந்தப் பக்கமாகவே கொல்லிமலையில் ஏறுகிறேன். பெயர்பெற்ற 70 வளைவுகள் காரவள்ளிப் பக்கம் இருக்கின்றன. அவற்றில் ஏற வேண்டும் என்ற ஆசை பலருக்கும் உண்டு என்பதை அறிவேன். இரண்டு முறை அப்படியும் ஏறியிருக்கிறேன். வளைவுகள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் மேலிருந்து வரும் வண்டி கடைசி நொடியில்தான் கண்ணில் படுகிறது. வளைவின் உள்விளிம்பு செங்குத்தாக இருப்பதால் வெளிவிளிம்பை ஒட்டி ஏறலாமே என்று மனம் சொல்லும். அப்படிச் செய்தால் சில வளைவுகளில் எதிரே வரும் பேருந்தின் தடத்துக்குள் போய்விடுவோம். ஆகவே இடப்பக்கத்தை விடாமல், முடியாத இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது. முள்ளுக்குறிச்சி வழியில் போக்குவரத்து எனக்குக் குறைவாகவே தென்பட்டிருக்கிறது. மேலே செம்மேட்டில் ஒரு முழு நாள் தங்கி, மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு இடையிலும் பலா மரங்களின் நிழலிலும் சுமையில்லாமல் சுற்றிவிட்டு வருவேன். ஏலகிரியின் வளைவுகளில் பெயராகப் பார்த்த வல்வில் ஓரியின் மலைக்கே வந்துவிட்டோம் என்ற நிறைவு ஒவ்வொரு முறையும் அங்கே வருகிறது.

பருவத்தைப் பற்றியும் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். தை, மாசி மாதங்களே இந்தப் பாதைக்கு ஏற்றவை. ஒருமுறை மட்டும் ஐப்பசியில் கிளம்பினேன். பச்சையும் அருவிகளும் அழகுதான், ஆனால் சாலையில் உருண்டு கிடந்த கற்களையும் சேற்றையும் கடந்து இறங்கியது சரியான முடிவு இல்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டுச் சாலைகளில் மண் சரிந்ததைப் பார்த்தபின், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த மலைகளுக்கு யாரையும் நான் வரச்சொல்வதில்லை.

கடைசி நாள், சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வரக் கூடாது. ரிம்மைப் பிடிக்கும் பிரேக்காக இருந்தால் ரிம் சூடாகி, டியூப் வெடிக்கும் அபாயம் உண்டு. வளைவுக்கு முன் இரண்டு பிரேக்குகளையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட்டு, அடுத்த வளைவுக்கு முன் மீண்டும் பிடிக்க வேண்டும். பத்து வளைவுகளுக்கு ஒருமுறை நான் நின்றுவிடுகிறேன். ரிம் ஆறுவதற்குள் கைவிரல்களும் தளர்கின்றன, கீழே சேந்தமங்கலம் பக்கத்து வயல்கள் தெரியத் தொடங்குகின்றன. எழுபதாவது வளைவைத் தாண்டிக் காரவள்ளியில் நின்று தொட்டுப் பார்த்தால் ரிம் கை வைக்கும்படியாகவே இருக்கிறது. அங்கிருந்து நாமக்கல் வரை பிரேக்குக்குப் பெரிய வேலை இல்லை.