கீத்லியா, பிக்கரிங்கா? யார்க்‌ஷயரில் ஒரு கரி ரயிலைத் தேர்ந்தெடுத்த கதை

இந்த வருடம் ஒரே ஒரு கரி ரயில் பாதைக்குத்தான் உறுப்பினர் சந்தா என்று வீட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. போட்டியில் இருந்தவை இரண்டு, இரண்டும் இங்கிலாந்தில் தன்னார்வலர்கள் ஓட்டும் பழைய நீராவி ரயில் பாதைகள். ஒன்று, பிக்கரிங்கிலிருந்து க்ரோமண்ட் வரை 18 மைல் ஓடும் நார்த் யார்க்‌ஷயர் மூர்ஸ் ரயில்வே. இன்னொன்று கீத்லியிலிருந்து ஆக்ஸன்ஹோப் போகும் கீத்லி அண்டு வொர்த் வேலி ரயில்வே, இது முழுதாக 5 மைல்கூட வராது. நான் சின்னதற்குக் கட்டினேன். கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் "என்னப்பா, போயும் போயும்..." என்று இழுத்ததால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டுக்கும் பொதுவானவற்றைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். இரண்டிலும் நிஜ நீராவி எஞ்சின்கள், பழைய பெட்டிகள், சீருடை போட்ட தன்னார்வலர்கள், ஸ்டேஷனில் டீ, கேக். இரண்டுமே சினிமாக்காரர்களுக்குப் பிடித்த இடங்கள். குழந்தைகளோடு போனால் எதுவும் ஏமாற்றாது.

மூர்ஸ் பாதைக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிட வேண்டும். வரலாற்றில் அதுதான் மூத்தது. ரயில் முன்னோடி ஜார்ஜ் ஸ்டீவன்சன் போட்ட பாதை, 1836ல் திறந்தபோது வண்டியை இழுத்தது குதிரை. வழியில் ஃபென் பாக் என்று ஒரு சதுப்பு, போட்டதையெல்லாம் விழுங்கும். அங்கே மரக்கட்டைகளோடு, புதரும் பாசியும் திணித்த ஆட்டுத்தோல்களையும் அடியில் போட்டு அதன் மேல் தண்டவாளத்தை மிதக்கவிட்டார்கள். பெக் ஹோல் பக்கத்துச் சரிவில் வண்டியைக் கயிறு கட்டி இழுத்தார்கள், 1865ல் சுற்றுப்பாதை போட்ட பிறகுதான் அந்தத் தொல்லை விட்டது. க்ரோமண்டில் அந்தக் குதிரைக் காலத்து ரயில் சுரங்கம் இன்றும் இருக்கிறது. வாசலில் கோட்டைச் சுவர் மாதிரி வேலைப்பாடு, உள்ளே இப்போது நடைபாதை. ஈரச்சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்து மறுபக்கம் வெளியே வந்தால் எஞ்சின் ஷெட். எண்ணெய், சாம்பல், சூடான இரும்பு மூன்றும் கலந்த வாசனை முகத்தில் அடிக்கும். அந்த ஒரு நடைக்காகவே போய்வரலாம், அதை மறுக்கவில்லை. அங்கிருந்து கோத்லண்ட் வரை 49 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றம். சில ரயில்கள் விட்பி கடற்கரை வரைக்குமே போகின்றன. மேட்டுநிலமெங்கும் ஹெதர் புதர் ஊதாவாகப் பூத்துக் கிடக்கும் ஆகஸ்டில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிட்டால் வாயைத் திறக்கத் தோன்றாது.

சரி, அப்புறம் ஏன் கீத்லி?

ரயிலில் உட்கார்ந்து ஊர் பார்க்கிறவருக்கு நீளமான பாதை லாபம். நான் அந்த ரகம் இல்லை. எஞ்சின் வேலை செய்வதை வெளியே நின்று பார்க்கிறவன். என்னைப் போன்றவருக்குக் கணக்கு ஒன்றுதான்: ஒரே எஞ்சின் ஒரு நாளில் எத்தனை தடவை என் கண் முன்னால் வரும்?

கோத்லண்டில் பட்ட பாடம் இது. ஸ்டேஷனுக்கு மேலே மேட்டில் ஏறி இடம் பிடித்து முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். தூரத்தில் எஞ்சின் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டதும் கேமராவை எடுத்தால் பேட்டரி காலி. மாற்று பேட்டரி பையின் அடியில், சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே. அதைத் தோண்டி எடுத்துப் போடுவதற்குள் ஏற்றம் முழுவதையும் முடித்துவிட்டு எஞ்சின் பிளாட்பாரத்தில் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தப்பு முழுக்க என்னுடையது. ஆனால் 18 மைல் பாதையில் போன எஞ்சின் போனதுதான். பிக்கரிங் சேரவே ஒரு மணி நேரத்துக்கு அருகில் ஆகும், அங்கே தண்ணீர் குடித்து, திரும்பிப் பூட்டி, மறுபடி க்ரோமண்ட் இறங்கி, அதே ஏற்றத்தில் வரும்போது எனக்கு வீடு திரும்பும் நேரம் வந்துவிட்டது.

அதே மாதிரி கீத்லி பாதையில் ஓக்வர்த் ஸ்டேஷனில் ஒரு தடவை சொதப்பினேன். ரயில்வே கேட்டருகே நின்று ஸ்டேஷன் எரிவாயு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்ததில் (அங்கே இன்றும் எரிவாயு விளக்குகள்தான்) ரயில் கடந்து போய்விட்டது. ஒன்றும் குடி முழுகவில்லை. கீத்லியிலிருந்து ஆக்ஸன்ஹோப் ஒரு வழி 25 நிமிடம்தான், கொஞ்ச நேரத்தில் அதே எஞ்சின் கீழே இறங்கியது, அப்புறம் மறுபடி ஏறியது. முதல் தடவை கேட்டருகே, இரண்டாம் தடவை மைத்தோம்ஸ் சுரங்க வாயில், மூன்றாம் தடவை ஹாவர்த் நடைமேம்பாலத்தின் மேல் நின்று புகைக்குள்ளேயே. நாள் டிக்கெட் எடுத்துவிட்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம்.

ஆக்ஸன்ஹோப்பில் நடப்பதை ஒரு தடவையாவது முழுசாக நின்று பாருங்கள். ரயில் நின்றதும் ஃபயர்மேன் எஞ்சினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவில் குனிந்து இறங்குவார், பிரேக் குழாயைப் பிரிப்பார், பெட்டியை இணைக்கும் கப்ளிங் திருகைச் சுற்றித் தளர்த்திக் கொக்கியிலிருந்து தூக்கிக் கழற்றுவார். எஞ்சின் தனியாக முன்னே போய் நிற்கும், தடம் மாற்றும் பாயிண்ட் விழும், பக்கத்துத் தடத்தில் பெட்டிகளைத் தாண்டி மறுமுனைக்கு வரும். எஞ்சின், பெட்டி முனைகளில் உள்ள பஃபர்கள் ஒன்றோடொன்று முட்டும்போது பெட்டிக்குள் டீ குடித்துக்கொண்டிருப்பவருக்கு லேசாக ஆடும், அவ்வளவுதான். இதை நான் ஒரே நாளில் நான்கு முறை பார்த்திருக்கிறேன். மனைவி ஒரு முறை பார்த்துவிட்டு ஹாவர்த்தில் நாவலாசிரியைகளான பிரான்ட்டே சகோதரிகளின் வீட்டைப் பார்க்கப் போய்விட்டாள், அது அவள் நாள்.

சின்ன பாதை என்பதால் எஞ்சினுக்குச் சுலபமான வேலை என்று நினைக்க வேண்டாம். கீத்லியை விட்டதும் வளைவிலேயே ஏற்றம் தொடங்கிவிடும், கிட்டத்தட்ட 60 அடிக்கு ஓர் அடி. 1867ல் திறப்பு விழா ரயிலே அந்த ஏற்றத்தில் மாட்டிக்கொண்டது, கடைசியில் ரயிலை இரண்டாகப் பிரித்துத்தான் மேலே கொண்டுபோனார்களாம். பாதை போடுவதற்கு முன்பே ஓக்வர்த் பக்கம் ஒரு மாடு வரைபடத்தைத் தின்றுவிட்டது என்றும் ஒரு கதை உண்டு. நம்புகிறவர்கள் நம்பலாம், எனக்கு ஆசைதான்.

எனக்கு மனசு ஒட்டியதற்கு இன்னொரு காரணம், இது ஒரு கிளைப் பாதை முழுதாகப் பிழைத்தது. 1961 கடைசியில் பயணிகள் ரயிலை நிறுத்தினார்கள், ஊர்க்காரர்களும் ஆர்வலர்களும் சேர்ந்து சங்கம் அமைத்து 1968 ஜூன் 29ல் மறுபடி ஓட்டினார்கள். அடுத்த ஆறு வாரத்தில் பிரிட்டிஷ் ரயில்வே தன் நீராவிக் காலத்தையே முடித்துக்கொண்டது. வேல்ஸில் பேரி என்ற இடத்துக் காயலான் கடையில் துருப்பிடித்துக் கிடந்த எஞ்சின்களில் 213 காப்பாற்றப்பட்டன. அவற்றில் முதலில் வெளியே வந்தது 43924 என்ற எண்ணுள்ள எஞ்சின், வந்து சேர்ந்த இடம் இந்தப் பாதைதான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை, இது இரண்டு பாதைக்கும் பொருந்தும். குறிப்பிட்ட எஞ்சினை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். பாய்லரைச் சுமார் பத்து வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாகப் பிரித்துச் சரிபார்க்க வேண்டும், அப்படிப் பிரித்த எஞ்சின் மறுபடி ஓட வருடக்கணக்கில் ஆகும், பணமும் லட்சக்கணக்கான பவுண்டில் கரையும். எந்த எஞ்சின் ஓடுகிறது என்று கிளம்புமுன் பார்த்துக்கொள்வது நல்லது. மூர்ஸ் பாதையில் கூடுதலாக ஒன்று: வறண்ட கோடையில் தீப்பொறி பட்டு ஹெதர் புதர் பற்றிக்கொள்ளும் என்பதால் டீசல் எஞ்சின் போடுவதுண்டு.

போக்குவரத்து விஷயம் கார் இல்லாதவர்களுக்குத்தான். லீட்ஸிலிருந்து கீத்லிக்குச் சாதாரண ரயில் அடிக்கடி உண்டு, இறங்கி அதே ஸ்டேஷனில் பிளாட்பாரம் மாறினால் கரி ரயில். பிக்கரிங்கிற்கு ரயிலே கிடையாது. க்ரோமண்டுக்கு மிடில்ஸ்பரோவிலிருந்து ரயில் உண்டு, ஆனால் நாளைக்குச் சில ரயில்கள்தான், ஒன்றை விட்டால் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

நான் மூர்ஸுக்குப் போனது இரண்டே முறை, இரண்டும் கோடையில். பனிக்காலத்தில் அந்த ஏற்றம் எப்படி இருக்கும், புகை எப்படித் தொங்கும் என்பதற்கெல்லாம் நான் சாட்சி இல்லை. உள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு போகும் டைனிங் ரயிலில் எந்தப் பாதையிலும் நான் ஏறியதில்லை. உங்களுக்கு ஜன்னலும் காட்சியும்தான் முக்கியம் என்றால் மேலே சொன்ன என் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும், யோசிக்காமல் பிக்கரிங் போங்கள்.

கீத்லிதான் என்று முடிவு செய்தால், போகிற வழியில் டேமம்ஸில் இறங்கிப் பாருங்கள். பிளாட்பாரம் ஒரு பெட்டி நீளம்தான், கேட்டால் மட்டுமே ரயில் நிற்கும். ஆகவே எந்தப் பெட்டியில் ஏறுவது என்று கீத்லியிலேயே கார்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.