ஸ்கோப் முதுகில் உட்காரும் லேசர் தூரமானி: அளவு சரி, பிடிதான் சரியில்லை

"விலை இறங்கியிருக்கிறதே, இப்போது வாங்கலாமா?" என்று நண்பர் கேட்டதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் (தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) ரயிலில், அதாவது துணைக்கருவி மாட்டும் பட்டையில், பொருத்தும் கையடக்க லேசர் தூரமானி பற்றிய பேச்சு இது. 905 நானோமீட்டர் லேசர், ஒரு சிஆர்2 (சிறிய லித்தியம்) பேட்டரி, கூடவே சரிவின் கோணத்தைக் காட்டும் சாய்வுமானி. மற்ற விவரங்கள் பெட்டியிலேயே அச்சாகியிருக்கின்றன.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். கழற்றி மறுபடி மாட்டினால் லேசர் பழைய இடத்தைப் பார்ப்பதில்லை. இதன் ஒரே பெரிய குறை இதுதான். ஆனால் மற்ற நல்ல குணங்களையெல்லாம் இது விழுங்கிவிடுகிறது.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். கருவியின் கிளாம்ப் (பிடி) ரயிலைப் பிடிக்கும் நீளம் சுமார் 60 மில்லிமீட்டர். அதன் ஒரு முனை 0.05 மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகினால் (ஒரு தலைமுடி அகலம்கூட இல்லை) கோணம் 0.83 மில்லிரேடியன் மாறும் (ஒரு மில்லிரேடியன் என்றால் 1000 மீட்டரில் ஒரு மீட்டர் விலகல்). 500 மீட்டர் தள்ளி அது 42 சென்டிமீட்டர். கற்றையின் விரிவோ உயரவாக்கில் 1.5, அகலவாக்கில் 0.4 மில்லிரேடியன்; அதாவது அதே தூரத்தில் 75 சென்டிமீட்டர் உயரமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பட்டை. 500 மீட்டரில் உள்ள ஒரு கம்பத்தைப் பார்க்கிறோம் என்று வையுங்கள். ஸ்கோப்பின் குறுக்குக்கோடு கம்பத்தின் நடுவில் நிற்கும், லேசர் கம்பத்தைத் தொடாமலே தாண்டிப்போய் பின்னாலிருக்கும் மேட்டை அளக்கும். திரையில் 730 என்று வரும். கருவி பொய் சொல்லவில்லை. தான் பட்டதைத்தான் சொல்கிறது. தப்பு என்று தெரியாமலே குறித்துக்கொள்கிறோம் பாருங்கள், அதுதான் எரிச்சல்.

இதற்குக் காரணம் கட்டைவிரலால் திருகும் பெரிய திருகு. ஒரு நாள் இறுக்குவதுபோல இன்னொரு நாள் இறுக்க யாராலும் முடியாது. முறுக்குவிசை காட்டும் ஸ்க்ரூடிரைவருக்கு ஏற்ற தலை வைத்திருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும். அடிப்பாகத்தை 100 மில்லிமீட்டருக்கு நீட்டி, முழுப் பரப்பும் உரசாமல் மூன்றே புள்ளிகளில் உட்காரும்படி செய்திருந்தால் மீதியும் தீர்ந்திருக்கும். குட்டியாக இருக்க வேண்டும் என்று அடிப்பாகத்தைக் குறுக்கியிருக்கிறார்கள். குறுக்கக்கூடாத ஒரே இடம் அதுதான்.

நியாயமாகச் சொன்னால், அளக்கும் வேலையில் ஒரு குறையும் இல்லை. ஒளி போய்த் திரும்பும் நேரத்தில் ஒரு மீட்டருக்கு 6.7 நானோவினாடிதான் வித்தியாசம். பல துடிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுப்பதால் 50 மீட்டரிலும் 800 மீட்டரிலும் பிழை அதே ஒரு மீட்டர்தான். இரு பிம்பங்களை ஒன்றாக்கிப் பார்க்கும் பழைய ஒளியியல் தூரமானியில் பிழை தூரத்தின் வர்க்கத்தோடு ஏறும். 80 மில்லிமீட்டர் அடித்தளம் (இரு பார்வைத் துளைகளுக்கும் இடையிலான தூரம்), 6 மடங்கு பெருக்கம், கண்ணின் கூர்மை 10 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) என்று வைத்தால் 500 மீட்டரில் 25 மீட்டர் பிழை. கப்பல்களில் அந்தக் கருவிகள் பல மீட்டர் நீளத்துக்கு இருந்ததற்குக் காரணம் இதுவே.

எதிர்பாராமல் பிடித்துப்போனது சாய்வுமானி. 25 பாகை சரிவில் 300 மீட்டர் என்றால் கிடைத்தூரம் 272 என்று தானே காட்டிவிடும். மர உயரம், சரிவின் ஆழம் எடுப்பவர்களுக்கு இது ஒன்றே போதும்.

இனி நேர்ப்படுத்தும் விதம். 905 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, அதனால் விளிம்பை வைத்துத்தான் தேட வேண்டும். பின்னால் வெறும் வானம் இருக்கும் ஒரு கம்பத்தை 400 மீட்டருக்கு மேல் தேர்ந்தெடுங்கள். விடாமல் அளந்துகொண்டே இருக்கும் ஸ்கேன் முறையில் வைத்து இடமிருந்து மெல்ல நகர்த்துங்கள். எண் தோன்றும் இடத்தில் குறுக்குக்கோடு எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். வலமிருந்தும் அப்படியே. இரண்டுக்கும் நடுவில் குறுக்குக்கோடு நிற்கும்போதுதான் கற்றை கம்பத்தின் நடுவில் இருக்கிறது. உயரத்துக்கு ஒரு கூரை விளிம்பு போதும்.

பலர் 100 மீட்டரில் நடுப்புள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டு முடிந்தது என்கிறார்கள். லேசர் ஸ்கோப் அச்சுக்கு 50 மில்லிமீட்டர் மேலே இருக்கிறது. 100 மீட்டரில் இரண்டும் சந்தித்தால் 500 மீட்டரில் கற்றை 20 சென்டிமீட்டர் கீழே போய்விடும். பக்கத்தில் வைத்துத்தான் செய்ய முடியும் என்றால், நடுப்புள்ளிக்கு 50 மில்லிமீட்டர் மேலேயே விட்டுவிடுங்கள்.

சரிசெய்யும் திருகின் புரி இடைவெளி 0.35 மில்லிமீட்டர், நெம்புகோல் நீளம் 50 மில்லிமீட்டர். ஒரு முழுச் சுற்றுக்கு 7 மில்லிரேடியன். ஆகவே ஒரு தடவைக்கு இருபதில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் வேண்டாம். பூட்டுத் திருகை இறுக்கும்போது மறுபடி நகரும். கொஞ்சம் கொஞ்சமாக, இரு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்கி, விளிம்புச் சோதனையை இன்னொரு முறை செய்து பாருங்கள். முன் கண்ணாடியின் ரப்பர் வளையம் மாற்றிப் பழுதுபார்த்து வந்தாலும் இதே வேலைதான். பழுதுபார்ப்பவர்களிடம் உங்கள் ஸ்கோப் இல்லை, நேர்ப்படுத்தித் தரமாட்டார்கள்.

மழையிலும் புல்லிலும் முதலில் திரும்பி வரும் ஒளியை எடுக்காமல் கடைசியாக வருவதை எடுக்கும்படி மாற்றிவிடுங்கள். சிஆர்2 அளவிலேயே ரீசார்ஜபிள் லித்தியம் அயன் பேட்டரி கிடைக்கிறதே என்று போடாதீர்கள். முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், இதற்கு வேண்டியது 3.

வாங்கலாமா? வேண்டாம். தூரமானி உள்ளேயே பொருத்தப்பட்ட பைனாகுலர் வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பதை விற்கச் சொல்லியும் கேட்காதீர்கள். ஒரு முறை சரியாக மாட்டிய பிறகு அதைக் கழற்றுவதாக இல்லை. ஸ்கோப் பைதான் இப்போது மூட மாட்டேன் என்கிறது.