கார் வாக்ஸ்: மெஷினா, கையா? பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஒரே கறுப்பு காருக்குப் பல வருடமாக பாலிஷர் மெஷினாலும் கையாலும் வாக்ஸ் போட்டு வருகிறேன். பளபளப்பில் வித்தியாசம் கிடையாது. பானெட்டின் ஒரு பாதிக்கு மெஷின், மறு பாதிக்குக் கை என்று போட்டுத் துடைத்தபின், எந்தப் பாதி எது என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை. மழைநீர் முத்து முத்தாக உருளுவதும் இரு பக்கமும் ஒரே சமயத்தில்தான் குறைந்தது.

மெஷின் சூட்டில் வாக்ஸ் உருகி பெயின்ட்டுக்குள் இறங்கும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. கார் வாக்ஸில் சேரும் கர்னூபா மெழுகு 80 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும். வாக்ஸ் போடும் மெதுவான வேகத்தில் தகடு அந்தச் சூட்டின் பக்கத்தில்கூடப் போகாது. வாக்ஸ், பெயின்ட்டின் மேலுள்ள நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டின் மேலேதான் படிந்து நிற்கும்.

மெஷினின் உண்மையான லாபம் வேறு: பூச்சு மெல்லிசாகவும் சீராகவும் விழுகிறது. பெயின்ட்டில் பிடித்தது போக மிச்சமெல்லாம் துணியோடு போய்விடும் என்பதால், தடிமனாகப் போட்டால் துடைக்கும் கைதான் வலிக்கும். டியூயல் ஆக்‌ஷன் பாலிஷரில் (சுழன்றுகொண்டே சிறு வட்டமாகவும் ஆடும் மெஷின்) மிருதுவான ஃபினிஷிங் பேட் மாட்டி, அழுத்தாமல், அதன் எடையிலேயே நகர்த்தினால் போதும். கூரையும் பானெட்டும் சீக்கிரம் முடியும், தோளும் தப்பிக்கும். இதற்கு லிக்விட் வாக்ஸ்தான் வசதி. டப்பாவில் வரும் கெட்டி வாக்ஸ் பேடில் திட்டுத்திட்டாக ஒட்டுகிறது.

பளபளப்பில் வித்தியாசம் கிடையாது என்றதற்குக் கிளீனர் வாக்ஸ் மட்டும் விதிவிலக்கு. அதில் நுண்ணிய தேய்ப்புத் துகள்கள் இருப்பதால், மெஷினின் சீரான அசைவில் மங்கிய பெயின்ட் நன்றாகத் தெளிகிறது. கையால் அந்த அளவுக்கு வரவில்லை.

கதவுக் கைப்பிடி, கண்ணாடிக் கூடு, எம்ப்ளம், பம்பர் வளைவு எல்லாம் கைக்குத்தான். கறுப்பு பிளாஸ்டிக்கில் வாக்ஸ் பட்டால் வெள்ளையாகக் காய்ந்து, எடுக்கப் பெரும்பாடு. மெஷின் என்றால் முன்கூட்டியே டேப் ஒட்ட வேண்டும். சின்ன காரில் மிச்சமான நேரம் அதிலேயே போய்விடும்.

வாக்ஸுக்காக மட்டும் பாலிஷர் வாங்காதீர்கள். சுழல் கீறல்களை எடுக்கப் பாலிஷும் செய்வீர்கள் என்றால் தயங்காமல் வாங்கலாம். பாலிஷுக்கு ஓட்டிய பேடை மட்டும் வாக்ஸுக்கு மாட்டாதீர்கள். அதில் தங்கிய துகள்கள் பெயின்ட்டைத் திரும்பவும் தேய்க்கும்.