சின்ன பெட்ரூமில் டிரெஸ்ஸிங் டேபிள்: ரெடிமேடா, பீரோ கண்ணாடியா, வார்ட்ரோபுக்குள்ளேயா, சுவரிலேயா?

கட்டிலையும் வார்ட்ரோபையும் போட்ட பிறகு பெட்ரூமில் மிச்சம் இருக்கும் தரையை டேப் பிடித்து அளந்து பாருங்கள், கடைக்குப் போவதற்கு முன்னால். நான் அளக்காமல் போனேன். மடிப்பாக்கத்தில் எங்கள் வாடகை வீட்டு அறை 10க்கு 10. கட்டில் 5 அடி அகலம், ஆறேகால் அடி நீளம். அதை ஒரு பக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டு, மறுபக்கம் 2 அடி ஆழத்துக்கு வார்ட்ரோப் வைத்தால் நடுவில் 3 அடி வழி, கால்மாட்டில் 45 அங்குலம், அவ்வளவுதான். இந்த 45 அங்குலத்தில்தான் நான் ஆசைப்பட்டு வாங்கிய டிரெஸ்ஸிங் டேபிள் வந்து உட்கார்ந்தது. மேஜை ஆழம் 16 அங்குலம், ஸ்டூலை இழுத்துப் போட்டு முழங்கால் இடிக்காமல் உட்கார இன்னொரு 2 அடி. ஆக 40 போச்சு. காலையில் நான் தலை பின்னிக்கொண்டிருக்கும் பத்து நிமிடமும் பாப்பா பால்கனிக்குப் போக கட்டில் மேல் ஏறித்தான் போவாள்.

இட நெருக்கடியைக்கூடச் சமாளித்துவிடலாம். எனக்குப் பெரிய ஏமாற்றம் வேறு. புடவை கட்டிக்கொண்டு அந்தக் கண்ணாடி முன் நின்றால் கொசுவத்தின் கீழ்ப்பாதி தெரியவே இல்லை. பின்னால் தள்ளி நின்றாலும் தெரியவில்லை. கண்ணாடி சின்னதோ என்று முதலில் நினைத்தேன். குறை கண்ணாடியில் இல்லை, அதற்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த மேஜையில் இருந்தது.

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், வாங்கும் முடிவையே மாற்றக்கூடிய விஷயம் இது. முழு உருவம் தெரிய ஆள் உயரக் கண்ணாடி தேவையில்லை, நம் உயரத்தில் பாதி போதும். பள்ளிக்கூடத்து இயற்பியல்தான். பாதத்திலிருந்து கிளம்பும் ஒளி, தரைக்கும் கண்ணுக்கும் சரிபாதி உயரத்தில் கண்ணாடியில் பட்டுத்தான் நம் கண்ணுக்கு வருகிறது. எவ்வளவு தள்ளி நின்றாலும் அந்த இடம் மாறாது. என் உயரம் 5 அடி 2 அங்குலம், கண் இருப்பது 4 அடி 10 அங்குலத்தில். அப்படியானால் கண்ணாடியின் கீழ் விளிம்பு 2 அடி 5 அங்குலத்தில் இருந்தால் எனக்குப் பாதம் வரை தெரிய வேண்டும். ஆனால் அதே உயரத்தில் ஒரு மேஜை 16 அங்குலம் முன்னால் நீண்டிருந்தால், பாதத்திலிருந்து வரும் ஒளியை அந்தப் பலகையே மறித்துவிடும். டிரெஸ்ஸிங் டேபிள் என்ற பொருளின் அமைப்பிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. உட்கார்ந்து முகம் பார்க்க அது அருமையான பொருள், நின்று புடவை கட்ட அல்ல. இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் எல்லா வழிகளையும் ஒரே கேள்வியோடுதான் பார்த்தேன்: கண்ணாடியையும் மேஜையையும் பிரிக்க முடியுமா?

ரெடிமேடை வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லமாட்டேன். என் மாமியாருக்கு முழங்கால் வலி, நின்று தலை வார முடியாது, அவர் மாதிரி இருப்பவர்களுக்கு ஸ்டூலும் மேஜையும் அவசியம். 12க்கு 12 அறை இருந்து, முழு உருவம் பார்க்க வீட்டில் வேறு கண்ணாடியும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். எதில் செய்தது என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். விலை குறைந்தவை பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளையும் பசையையும் அழுத்திச் செய்த பலகை அது. மேலே ஒட்டிய தாளும் ஓர பட்டையும் பிரியாத வரை நன்றாக இருக்கும், பிரிந்த இடத்தில் தண்ணீர் பட்டால் ரொட்டி மாதிரி ஊதும், ஊதினது திரும்ப இறங்காது. எங்களுடையது தினமும் மாப் போடும் ஈரத்திலேயே ஆறு மாதத்தில் அடிப்பக்கம் ஊதிவிட்டது. பலகை நேராகத் தரையில் உட்காராமல், 4 அங்குலமாவது கால் வைத்துத் தூக்கியிருப்பதாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை பாதி குறையும். வீடு மாறும்போது கழற்றி மாட்டினால் திருகு இறங்கிய துளைகள் தளர்ந்துபோகும் என்பதையும் வாடகைக்காரர்கள் மனதில் வையுங்கள்.

அடுத்தது, பலர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும், ஆனால் யாரும் ஒரு வழியாகவே எண்ணாத பீரோ கண்ணாடி. கல்யாணத்துக்குச் சீராக வந்த இரும்பு பீரோவின் கதவில் நீளமாக ஒரு கண்ணாடி இருக்குமே, அதுதான். அம்மா, சித்தி, அத்தை எல்லோரும் அந்தக் கண்ணாடி முன்னால் நின்றுதான் முந்தானை மடிப்பு எடுத்தார்கள். அதன் கீழே மேஜை கிடையாது, எதுவும் மறிக்காது, கொசுவம் முழுசாகத் தெரியும். தரையில் ஒரு அங்குலம்கூடக் கூடுதலாக எடுக்காது, செலவும் இல்லை. குறை என்னவென்றால் சீப்பு, பவுடர், கண்மை, பொட்டு அட்டை வைக்க இடம் இல்லாமல் எல்லாம் பீரோ தலைமேல் ஏறி, எட்டாத உயரத்தில் தூசி பிடித்துக் கிடக்கும். பீரோவும் வழக்கமாக அறையின் இருட்டு மூலையில்தான் நிற்கும். அதைக் காலி செய்து, இரண்டு பேர் பிடித்து ஜன்னல் பக்கம் நகர்த்தி, பக்கத்தில் ஒரு அடி அகலத்தில் சின்ன அலமாரி வைத்துப் பாருங்கள். வாடகை வீட்டில், சுவரில் ஆணி அடிக்கவே கூடாது என்று சொல்லும் ஹவுஸ் ஓனர் இருந்தால், என் மனப்பூர்வமான சிபாரிசு இதுதான்.

சொந்த வீடு, புதிதாக வார்ட்ரோப் அடிக்கப் போகிறீர்கள் என்றால் மூன்றாவது வழி இருக்கிறது. வார்ட்ரோபின் ஒரு பகுதியையே டிரெஸ்ஸிங்குக்கு ஒதுக்கி, கதவின் உட்பக்கம் கண்ணாடி, உள்ளே இடுப்பு உயரத்தில் இழுத்தால் வெளியே வரும் தட்டு, மேலே மூன்று நான்கு மெல்லிய தட்டுகள். மூடிவிட்டால் எதுவும் வெளியே தெரியாது, அறை பெரிதாகத் தெரியும், குழந்தை லிப்ஸ்டிக்கை எடுத்துச் சுவரில் கிறுக்காது. என் அக்கா வீட்டில் இப்படித்தான், பார்க்க அவ்வளவு நேர்த்தி. ஆனால் தினமும் பயன்படுத்துகிறவள் என்ன சொல்கிறாள் என்றால், கதவைத் திறந்து பிடித்தபடியே நிற்க வேண்டியிருக்கிறது, ஃபேன் காற்றில் கதவு ஆடுகிறது, கண்ணாடி ஒரு பக்கம், சாமான் ஒரு பக்கம் என்று கழுத்து திரும்பிக்கொண்டே இருக்கிறது. கண்ணாடியை வெளிப்பக்கம் ஒட்டினால் இதில் பாதி தீர்ந்துவிடும், தச்சரிடம் அப்படிக் கேளுங்கள். 4 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ கனம். மூன்றரை அடிக்கு ஒன்றரை அடி கண்ணாடி என்றால் கிட்டத்தட்ட 5 கிலோ, அது முழுக்கக் கதவின் கீல்களில்தான் தொங்கும், அதனால் கூடுதலாக ஒரு கீல் போடச் சொல்லுங்கள். பாத்ரூம் சுவரோடு ஒட்டிய வார்ட்ரோபாக இருந்தால் ஈரம் தாங்கும் வகை என்பதற்கான ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிளைவுட் வாங்குங்கள், அந்தச் சுவரில் ஓதம் ஏறாத வீடு குறைவு.

நான்காவது, நான் இப்போது வைத்திருப்பது. சுவரில் மாட்டிய மூன்றரை அடி கண்ணாடி, அதன் கீழே எதுவுமில்லை. வலது கைப்பக்கம், கண்ணாடியை விட்டுத் தள்ளி, 8 அங்குல ஆழத்தில் இரண்டு சுவர்த் தட்டுகள். நின்றுகொண்டு பயன்படுத்துகிறவர்களுக்குக் கீழ்த்தட்டு மூன்றரை அடி உயரத்தில் வசதி, உட்காருகிறவர்களுக்கு இரண்டரை அடி. ஊதிப்போன டிரெஸ்ஸிங் டேபிள் எடுத்துக்கொண்ட தரை முழுவதும் திரும்பக் கிடைத்தது. உதிர்ந்த முடியும் பவுடரும் விழுந்தால் துடைப்பம் தடையில்லாமல் போகிறது. தினமும் பெருக்குகிறவருக்குத்தான் இதன் அருமை தெரியும். இடம் குறைவு என்பது உண்மை. டிராயர் இல்லாததால் வளையல் ஸ்டாண்டும் நகைப்பெட்டியும் வார்ட்ரோபுக்குள் போய்விட்டன, தினமும் தொடும் பத்துப் பன்னிரண்டு பொருள்கள்தான் வெளியே. எனக்கு அது போதுமாக இருக்கிறது, நிறைய மேக்கப் சாமான் உள்ளவர்களுக்குப் போதாது.

இதில் வேலை செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில. சுவிட்ச்போர்டுக்கு நேர் மேலேயோ கீழேயோ ட்ரில் போடாதீர்கள், சுவருக்குள் வயர் அந்த வழியாகத்தான் ஏறும். உள்ளே வெற்றிடம் உள்ள ஹாலோ பிளாக் சுவர் என்றால், திருகு பிடிக்கத் துளையில் செருகும் சாதாரணப் பிளக் நிற்காமல் சுழலும், அதற்கென்று உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பசை போட்டு ஒட்டுவதாக இருந்தால் வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் வேண்டவே வேண்டாம், அது கண்ணாடியின் பின்பூச்சை அரித்துக் கறுப்புப் புள்ளி வர வைக்கும், நியூட்ரல் சிலிகான் என்று கேளுங்கள். ஓதம் உள்ள சுவரில் ஒட்டுவதே தப்பு. சட்டம் போட்ட கண்ணாடியை வாங்கி, பின்னால் காற்றுப் போக இடைவெளி விட்டு மாட்டுங்கள்.

படிக்கும் மேஜையையே டிரெஸ்ஸிங் டேபிளாக வைத்துக்கொள்ளலாமே என்று தோழி கேட்டாள். உயரம் சரியாக வரும், ஆனால் தேங்காய் எண்ணெய்க் கையும் பிள்ளைகளின் நோட்டும் ஒரே பலகையில் வேண்டாம்.

இந்த நான்கில் எதை எடுத்தாலும் வெளிச்சம் தவறினால் அத்தனையும் வீண். இதை ஏன் யாரும் முதலில் பேசுவதில்லை என்று எனக்கு வருத்தமே உண்டு. கண்ணாடி ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இருந்தால், நாம் ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்போம், பகலிலும் முகம் இருட்டாகவே தெரியும். ஜன்னல் இருக்கும் அதே சுவரில், ஜன்னலை ஒட்டி மாட்டினால் வெளிச்சம் நேராக முகத்தில் விழும், அதைவிட நல்ல இடம் கிடையாது. அது முடியாவிட்டால் பக்கத்துச் சுவர். ராத்திரிக்கு, நடு சீலிங்கில் ஒரே ஒரு லைட் என்றால் அதன் வெளிச்சம் தலைக்குப் பின்னாலிருந்து விழுந்து கண்ணுக்குக் கீழே நிழல் கட்டும். கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் முக உயரத்தில் லைட் வைத்தால் நிழல் போய்விடும். 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட்டில் முகம் நீலம் பாய்ந்து தெரியும், அதை நம்பிப் பவுடரைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டு வெளியில் வந்தால் வேறு மாதிரி இருக்கும். 4000 கெல்வின், பெட்டியில் சிஆர்ஐ 90 என்று போட்டிருக்கும் பல்பு வாங்குங்கள், நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான எண் அது. அரக்குச் சிவப்புக்கும் மெரூனுக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியும், புடவைக்கு பிளவுஸ் பொருத்தம் பார்க்கிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஹேர் ட்ரையர் உள்ளவர்கள் பிளக் பாயிண்டையும் பாருங்கள், 1200 வாட் வரை 6 ஆம்பியர் தாங்கும், 2000 வாட் என்றால் 16 ஆம்பியர் வேண்டும்.

கட்டிலுக்கு நேராகக் கண்ணாடி கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். ராத்திரி எழுந்து உட்காரும்போது எதிரில் ஒரு உருவம் அசைவது குழந்தைகளுக்குப் பயமாகத்தான் இருக்கும், அதனால் நான் அதை மறுத்துப் பேசவில்லை. சின்ன அறையில் வேறு சுவர் கிடைக்காதவர்கள், மேலே ஒரு கம்பி போட்டுத் துணித்திரை மாட்டிவிடலாம். தூசியும் படியாது.

உயரம் குறிப்பதற்கு வீட்டில் எல்லோரையும் வரிசையாகச் சுவரோடு நிறுத்தி, ஒவ்வொருவர் கண் மட்டத்திலும் பென்சிலால் கோடு போடுங்கள். எங்கள் வீட்டில் குட்டையானவள் பாப்பா, 4 அடி 4 அங்குலம், கண் 4 அடியில், ஆகவே கீழ் விளிம்பு 2 அடியில் வர வேண்டும். உயரமானவர் அவள் அப்பா, 5 அடி 8 அங்குலம், அவருக்கு உச்சந்தலை தெரிய மேல் விளிம்பு, கண்ணுக்கும் உச்சிக்கும் சரிபாதியில், ஐந்தரை அடியில் இருந்தால் போதும். நடுவில் வருவது சரியாக மூன்றரை அடி. அந்த அளவுக்குப் பழைய செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி, நான்கு நாள் அதன் முன்னால் நின்று தலை வாரிப் பார்த்தோம், வார்ட்ரோப் கதவைத் திறந்து பார்த்தோம், இரண்டாம் நாள் ஒரு சாண் ஜன்னல் பக்கம் தள்ளினோம். அப்புறம்தான் ட்ரில் போடுகிறவரைக் கூப்பிட்டோம்.