ஒரே 16 ஜிபியா, இரண்டு 8 ஜிபியா?

டெஸ்க்டாப்பில் மொத்தம் 16 ஜிபி ரேம் வந்தால் சரி, எப்படி வந்தால் என்ன என்று விட்டுவிடாதீர்கள். டிடிஆர்4 3200 (முதலாவது ரேமின் தலைமுறை, அடுத்தது வேகம்) ரேம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி வரைதான் தரவு போகும். அதையே இரண்டு 8 ஜிபியாக வாங்கி, மதர்போர்டு கையேடு சொல்கிற ஜோடி ஸ்லாட்டில் போட்டால் இரட்டைச் சேனலாகி, அதாவது தரவு ஒரே நேரத்தில் இரண்டு பாதையில் போய், 51.2 ஜிபி வரை ஏறும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் உள்ளே இருக்கிற கிராஃபிக்ஸும் அதே ரேமைத்தான் பங்கு போடுகிறது, கேம் ஓடும்போதே வித்தியாசம் தெரியும். என் ஓட்டு இரண்டு எட்டுக்குத்தான். போர்டில் இரண்டே ஸ்லாட், சீக்கிரமே 32 ஆக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் ஒற்றை 16 வாங்குங்கள். அப்புறம், டிடிஆர்5 ரேம் டிடிஆர்4 ஸ்லாட்டில் உட்காராது, அழுத்திப் பார்க்காதீர்கள்.