டாக்டர் ஹூ: 2005-லிருந்தா, 2024-லிருந்தா?

காலத்திலும் விண்வெளியிலும் பயணிக்கும் ‘டாக்டர்’ என்பவரின் கதை இது; 1963-இல் தொடங்கிய பிரிட்டிஷ் டிவி தொடர். இடைவெளிக்குப் பின் 2005-இல் மீண்டும் வந்தது, 2024-இல் மறுபடி ‘சீசன் 1’ என்று எண்ணத் தொடங்கினார்கள். புதிதாக வருகிறவர்கள் எங்கே நுழைவது என்றுதான் தடுமாறுகிறார்கள்.

நேரம்: 2005 சீசனில் 13 அத்தியாயங்கள், 2024-இல் எட்டே எட்டு.

காட்சி: 2005-இல் குப்பைத்தொட்டி ஒருவனை விழுங்கி ஏப்பம் விடும், கிராஃபிக்ஸ் சிரிப்பு மூட்டும். 2024-இல் டிஸ்னி கூட்டு, ஒரே பளபளப்பு. அப்புறம் மூக்குச்சளி அரக்கன் வேறு!

கதை: ரசிகர்கள் இரண்டுபட்டது 2024-இன் முடிவில்தான். டாக்டரின் பயணத் துணை ரூபியின் தாய் யார் என்று சீசன் முழுக்கப் புதிர் போட்டுவிட்டு, கடைசியில் சாதாரணப் பெண் என்றார்கள். ஏமாற்று என்றது ஒரு கூட்டம். அதுதான் அழகு என்றது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. ஆனால் பழைய வில்லன் சுதெக் திரும்பிய அதிர்ச்சி, 1975 கதையைப் பார்த்தவர்களுக்கே முழுதாய் எட்டும்.

ஒரு வார இறுதிதான் கையில் என்றால் 2024. பயணத் துணை ரோஸோடு பழகி, டாக்டரின் முகம் மாறும்போது (சாகும் தறுவாயில் அவர் புது உருவெடுப்பார், நடிகரும் மாறுவார்) கலங்க வேண்டுமென்றால் 2005.